சீயக்காய்ப் பொட்டலமும் இரண்டு கையெறி குண்டும்

ஐந்தருவியில் அன்று கூட்டம் தாங்கவில்லை. சாரல் பிடித்துப் பத்து நாளாகியிருந்தது. போதாததற்குச் சனிக்கிழமை. பாறையெங்கும் நல்லெண்ணெய் வாசம். தேய்க்கிறவர்கள், தேய்த்துவிட்டு ஊறுகிறவர்கள், ஊறியது போதுமா என்று அடுத்தவரைக் கேட்கிறவர்கள். அத்தனை பேரும் அருவியைப் பார்த்து நின்றார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, கையில் விரித்த குடை. கண் எதிர்ச்சரிவிலேயே இருந்தது. ஒரு மணி நேரமாக அவர் அசையவில்லை.

செங்கோட்டையிலிருந்து குளிக்க வந்திருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"அண்ணாச்சி, அருவி உங்க பின்னாலல்லா விழுது. அங்கன என்னத்தப் பாக்கீய?"

"மலையப் பாக்கேன்."

"மலையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லல்லா? அதத்தான் பாக்கேன்."

கேட்டவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை துவட்டுகிற சாக்கில் முகத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் அடுத்த ஆளிடம் தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டார்.

குடை பிடித்து நின்றவர் ஹவில்தார் செல்லையா. இலஞ்சிக்காரர். பர்மாவில் எதிரி சுட்டுக்கொண்டிருந்தபோது காட்டிய துணிச்சலுக்காகப் பதக்கம் வாங்கி வந்தவர். அவர் ஏன் அப்படி நின்றார் என்பது அந்தக் கூட்டத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் மாடசாமி. இன்னொருவன் நான்.

ஒரு வாசகரின் நியாயமான கோபம்

சங்கரன்கோவில் வாசகர் ஒருவர் எனக்குக் கார்டு போட்டிருக்கிறார். மூன்று வாரமாகக் கோவேறு கழுதையைப் பற்றியும் கொசுவலையைப் பற்றியும் கடுகெண்ணெயில் வைத்த குழம்பைப் பற்றியுமே எழுதி வருகிறீர்கள், நீங்கள் சண்டையைக் கண்ணால் பார்த்தீர்களா இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

பார்த்தேன் ஐயா. ஒரே ஒரு சண்டையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மற்றதையெல்லாம் காதால் கேட்டதோடு சரி.

அதை இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தச் சண்டையில் செல்லையா அண்ணாச்சி செய்தது அரை மணி நேர வேலை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தின ஐந்து நிமிஷத்தில் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். கார்டு வந்துவிட்டது.

பல்லிக்குப் பயந்தவர்

எங்களுடையது பாலம் போடுகிற பட்டாளம். முன்னால் போகிறவன் சுடுவான், பின்னால் வருகிறவன் சோறு கொண்டு வருவான், நடுவில் நாங்கள் மரம் வெட்டி ஓடைக்குக் குறுக்கே போடுவோம். மேலகரத்தில் நாற்றுநடவுக்கு நிற்கச் சொன்னார் என் அப்பா. முதுகு வலிக்கும் என்று பயந்து பட்டாளத்தில் சேர்ந்தேன். அங்கே தேக்கு மரம் தூக்கக் கொடுத்தார்கள்.

எங்கள் பிரிவில் ஏழு பேர். தலைவர் செல்லையா அண்ணாச்சி. அவரைப் பார்த்த எவனும் இவர் ஒரு நாள் பதக்கம் வாங்குவார் என்று சொல்லியிருக்கமாட்டான். பல்லி என்றால் பயம். அட்டை என்றால் அதைவிடப் பயம். காலராவுக்கு ஊசி போட வந்த டாக்டர் சிரிஞ்சை எடுத்ததுமே மயங்கி விழுந்துவிட்டார். விழுந்தவருக்கே ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் போய்விட்டார். அடுத்த வருஷமும் அதே மாதிரிதான் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆள் மாடசாமி. பண்பொழிக்காரன். திருமலைக் குமரனைத் தவிர வேறு யாருக்கும் அடங்கமாட்டான். தூக்கத்திலும் பேசுவான். அவன் பேச்சை நிறுத்துவதற்காகவே எங்கள் வெள்ளைக்காரத் துரை அவனை அடிக்கடி ரகசிய வேலைகளுக்கு அனுப்புவார். திரும்பி வந்ததும் ரகசியத்தையும் சேர்த்துப் பேசுவான்.

மற்ற நாலு பேரும் வடக்கே வேலூர்ப் பக்கம். நல்லவர்கள். ஆனால் அருவி பார்த்ததில்லை.

ரம்முக்கு நல்லெண்ணெய்

செல்லையா அண்ணாச்சிக்கு உயிரைவிடப் பெரிது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். யுத்தம் எந்தத் திசையில் போனாலும் அவருக்குக் கிழமை மட்டும் தப்பாது. பட்டாளத்தில் அளந்து கொடுத்தது கடுகெண்ணெய். அதை மோந்து பார்த்து, "இதத் தேச்சா தலையில ஊறுகாதான் போடலாம்" என்றார்.

அவர் குடிக்கமாட்டார். எனவே தன் பங்கு ரம்மை ஸ்டோர் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு நல்லெண்ணெய் வாங்கிக்கொள்வார். குமாஸ்தா மதுரைக்காரர். அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. சீயக்காய்ப் பொடி மட்டும் இலஞ்சியிலிருந்து வரும். அண்ணாச்சியின் மனைவி பேச்சியம்மாள் மதினி அரைத்துப் பொட்டலம் கட்டி அனுப்புவார். பார்சலைச் சோதிக்கிற அதிகாரி ஒரு தடவை அதைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு நாள் முழுவதும் தும்மியதாகக் கேள்வி. அடுத்த பொட்டலம் பிரிக்காமலே வந்தது.

அங்கன ஒரு அருவி

மழைக்காலத்தின் கடைசி. ஜப்பான்காரன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான் என்று சொன்னார்கள். பட்டாளம் கடக்க வேண்டிய ஓடை ஒன்று முன்னால் இருந்தது. எங்கள் ஏழு பேரையும் காலையிலேயே அனுப்பி, பாலத்துக்கு மரம் பார்த்து அடையாளம் போட்டு வைக்கச் சொன்னார் துரை. மீதிப் பேர் உச்சிவேளைக்கு வருவார்கள்.

பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. அப்போதுதான் சத்தம் கேட்டது. நானும் மாடசாமியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணாச்சி ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார்.

இரண்டு தென்னை உயரம் இருக்கும். பாறையில் ஒரு தட்டு தட்டி, விரிந்து விழுந்தது. கீழே சின்னத் தடாகம். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய் தேய்ப்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு தட்டைப் பாறை. இரண்டரை வருஷமாக டின்னில் மொண்டு குளித்தவர்கள் நாங்கள். மாடசாமிக்கே பேச்சு நின்றுபோனது.

"இன்னைக்குக் கிழம என்னலே?" என்று கேட்டார் அண்ணாச்சி, தெரியாதவர் போல.

"சனி, அண்ணாச்சி."

அவர் தண்ணீர்க் குப்பியைத் திறந்தார். உள்ளே நல்லெண்ணெய். மிளகும் பச்சரிசியும் போட்டு முகாமிலேயே காய்ச்சி எடுத்து வந்திருக்கிறார். குடிக்கத் தண்ணீர் கொண்டு வரவில்லை.

தென்காசி வட்டாரத்து ஆளுக்கு அருவியைக் கண்டால் புத்தி வேலை செய்யாது. இருந்தாலும் அண்ணாச்சி ஹவில்தார். காவல் வைக்காமல் குளிக்கமாட்டார். இடதுபுறம் ஒரு மேடு இருந்தது. அதில் ஏறினால் அருவியின் தலைமாடும் எதிர்ச்சரிவும் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும். என்னைத் துப்பாக்கியோடு அங்கே நிறுத்தினார்.

"இவனுவ ஊறி முடிச்சதும் மாடசாமி மேல வருவான். அப்புறம் நீ இறங்கு. அதுவரைக்கும் அங்கனயே நிக்கணும். கேட்டியா?"

"சரி அண்ணாச்சி."

அஞ்சே நிமிஷம்

அருவிக்கரையில் வாய்ப்பேச்சு உதவாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் கையால்தான் பேசிக்கொள்வோம். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தள்ளினால் ஒதுங்கு. விரலைக் குவித்து வாரினால் உள்ளே வா, இடமிருக்கிறது. தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் குளித்தது போதும், வெளியே வா. ஐந்தருவியில் ஒரு குடும்பமே ஒரு வார்த்தை பேசாமல் சண்டை போட்டுச் சமாதானமாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மேட்டின் மேல் நான் நிற்கிறேன். கீழே ஆறு பேரும் கோவணத்தோடு உட்கார்ந்து, எண்ணெய் வழிய வழிய ஊறிக்கொண்டிருக்கிறார்கள். வேலூர்க்காரர்கள் நாலு பேரையும் அண்ணாச்சி கட்டாயப்படுத்தித் தேய்க்க வைத்திருந்தார். அரை மணி நேரமாவது ஊறாமல் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று உத்தரவு.

வெயில் ஏறியது. எனக்கு முதுகு அரித்தது. மாடசாமி என்னைப் பார்த்துக் கையைக் குவித்து வாரினான். பிறகு தன் முதுகைத் தொட்டுக் காட்டினான். வா, முதுகுக்குத் தேய்த்துவிடுகிறேன்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவன் மறுபடி வாரினான். எண்ணெய் தீரப் போகிறது என்று குப்பியைக் கவிழ்த்துக் காட்டினான்.

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு உச்சந்தலையைத் தட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச்சரிவில் ஒரு குருவி கூட இல்லை. முதுகுக்கு மட்டும்தானே, அஞ்சு நிமிஷம், துப்பாக்கியும் கையோடு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கிப் போனேன். சட்டையைக் கழற்றினேன். கால்சட்டையில் எண்ணெய் படும் என்று அதையும் கழற்றினேன். கோவணமும் தோளில் ஒரு துண்டும்தான் மிச்சம்.

மாடசாமியின் கை என் முதுகில் இருக்கும்போதுதான் அது ஆரம்பித்தது.

வழுக்கல்

முதலில் சத்தம் கேட்கவில்லை. பாறையில் சில்லுகள் தெறித்தன. யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்தேன். என் முதுகிலிருந்த கை விலகியது. திரும்பிப் பார்த்தால் மாடசாமி பாறையில் விழுந்து கிடக்கிறான். தொடையிலிருந்து ரத்தம் எண்ணெயோடு சேர்ந்து ஓடுகிறது.

அருவியின் தலைமாட்டில், வலது பக்க மூங்கில் புதருக்குள் மிஷின் துப்பாக்கி. மூன்று பேர் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைச் சரிவில் இறங்கி வந்திருக்கிறார்கள். மேட்டில் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அரைக்கண் பார்வை உள்ளவனுக்கும் தெரிந்திருக்கும்.

நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். ஓடினோம் என்பது பெருமைக்குச் சொல்வது. எண்ணெய்க் காலோடு ஈரப்பாறையில் ஓட முடியாது. ஒருவன் எழுந்தான், விழுந்தான், உட்கார்ந்தபடியே தடாகத்துக்குள் போய்ச் சேர்ந்தான். இன்னொருவன் அவன் மேல் போய் விழுந்தான். அடுக்கி வைத்திருந்த துப்பாக்கிகள் பாறைக்கு அந்தப் பக்கம் கிடந்தன. எடுக்கப் போனவனை நாலு குண்டு திருப்பி அனுப்பியது. நான் என் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கல்லுக்குப் பின்னால் கிடந்தேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

அப்போது செல்லையா அண்ணாச்சி எழுந்து நின்றார்.

பல்லிக்குப் பயந்த மனிதர். கோவணத்தோடு, தலையிலிருந்து எண்ணெய் சொட்ட, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுந்து நின்று எங்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். ஆறு. பிறகு உள்ளங்கையைத் தட்டையாக வைத்துத் தள்ளினார். ஒதுங்கு. விரலைக் குவித்து அருவியைக் காட்டி வாரினார். உள்ளே வா.

வேலூர்க்காரர்களுக்கு அந்தக் கைப்பேச்சு தெரியாது. ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்தால் யாருக்கும் புரியும். தலை குனிந்து தண்ணீர்த் திரைக்குள் புகுந்தோம். விழுகிற தண்ணீருக்குப் பின்னால் பாறை குடைந்திருந்தது. ஏழு பேர் நெருக்கி நிற்கலாம். தூரத்தில் நின்று தண்ணீர் விழுகிற தினுசைப் பார்த்தே அண்ணாச்சி அதைக் கண்டுபிடித்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து அருவியில் கிடந்தவர்.

மாடசாமி மட்டும் வெளியே, பத்தடி தூரத்தில்.

அண்ணாச்சி தவழ்ந்து போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். கை நழுவியது. காலைப் பிடித்தார். அதுவும் நழுவியது. அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது அவரே. காது மடல் வரை ஒரு இடம் விடாமல் தேய்த்திருந்தார். சுற்றிலும் பாறை சிதறுகிறது. இவர் அவனை ஒரு பக்கம் பிடிக்க அவன் மறுபக்கம் வழுக்கிப் போகிறான். மாடசாமி அந்த நிலையிலும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான்.

அண்ணாச்சி விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். என் தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை உருவிக்கொண்டு மறுபடி போனார். அதை அவன் அக்குளுக்கடியில் கொடுத்து முடிச்சுப் போட்டு ஒரே இழு. இம்முறை எண்ணெய் எங்கள் கட்சியில் சேர்ந்துகொண்டது. மாடசாமி பாறை மேல் வழுக்கிக்கொண்டு நேராக எங்கள் காலடியில் வந்து நின்றான்.

உள்ளங்கைக்கு ஒரு சிட்டிகை

அதே துண்டால் தொடையை இறுக்கிக் கட்டினார். ரத்தம் மட்டுப்பட்டது, நிற்கவில்லை. சீக்கிரம் டாக்டரிடம் போகாவிட்டால் பையன் தாங்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மேலே இருக்கிற துப்பாக்கி சும்மா இருந்தால்தான் வெளியே போகலாம்.

"ஏலே, பேசிக்கிட்டே இரு. நிறுத்தக்கூடாது" என்று மாடசாமியின் காதில் வாயை வைத்துக் கத்தினார். அந்த இரைச்சலில் அவன் பேசுவது யாருக்கும் கேட்காது. அதனால் வேலூர்க்காரர்கள் இரண்டு பேரை அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். அவன் வாயை மூடச் சொல்லி இரண்டரை வருஷம் கெஞ்சியவர்கள் அவர்கள். அன்று கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

பிறகு எங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தார். என் துப்பாக்கி ஒன்று. அண்ணாச்சி உள்ளே வரும்போது வாரிக்கொண்டு வந்த தோள்பை ஒன்று. பைக்குள் கையை விட்டு முதலில் எடுத்தது சீயக்காய்ப் பொட்டலம். அதற்கடியில் கையெறி குண்டு இரண்டு.

குகையின் மேல் மூலையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதைப் பிடித்து ஏறினால் அருவியின் தலைமாட்டுக்குப் போகலாம். அண்ணாச்சி ஏறிப் பார்த்தார். ஒரு முழம் கூட ஏறவில்லை, வழுக்கி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி பொட்டலத்தைப் பார்த்தார்.

எண்ணெயைப் போக்க சீயக்காயை விட்டால் வேறென்ன இருக்கிறது? பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வைத்து அரக்கித் தேய்த்தார். எனக்கும் கொடுத்தார். உடம்புக்குத் தேய்க்கக் கூடாது, பிடிமானத்துக்கு மட்டும். இலஞ்சியில் மதினி அரைத்த பொடி. தண்ணீர்த் திவலையில் கரைந்து என் கண்ணுக்குள் போனது. அண்ணாச்சி கண்ணுக்குள்ளும்தான்.

"வா" என்று கையை வாரினார். என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஏறினோம். ஈரமும் பாசியுமான பாறையில் கால் எங்கே வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மேலே போய்த் தலையை நீட்டினால் இருபதடியில் மூன்று பேர், எங்களுக்குப் பக்கவாட்டில். அருவி இரைச்சலில் நாங்கள் வந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை. கீழே தடாகத்தையே பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

அண்ணாச்சி முதல் குண்டை எறிந்தார். கண் எரிச்சலில் அது ஓடைக்குள் விழுந்து எல்லோரையும் குளிப்பாட்டியது. மூன்று பேரும் திரும்பினார்கள். அவர்கள் கண்டது என்ன என்று நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு பேர், கோவணத்தோடு, எண்ணெய் மின்ன, கண் கோவைப்பழமாகச் சிவந்து. ஒரு கணம் அவர்களுக்குக் கை ஓடவில்லை. நான் சுட்டேன். விரல் வழுக்கியது. குண்டு ஆகாயத்துக்குப் போனது. அந்த யுத்தம் முழுவதிலும் நான் எதிரியைப் பார்த்துச் சுட்டது அது ஒன்றுதான்.

இரண்டாவது குண்டு சரியாக விழுந்தது. இரண்டு பேர் சரிவில் ஓடி மறைந்தார்கள். ஒருவன் ஓடவில்லை.

அண்ணாச்சி அவன் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அவனுக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஒரு துண்டு, தலைமயிர் நனைந்திருந்தது. மேலே எங்கேயோ அவனும் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

மொழிபெயர்த்தவன்

சத்தம் கேட்டுத் துரை மீதிப் பேரோடு ஓடி வந்து சேர்ந்தபோது, பிடித்த மிஷின் துப்பாக்கியின் பக்கத்தில் அண்ணாச்சி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். கோவணத்தோடு அடித்த சல்யூட்டை ஏற்பதா வேண்டாமா என்று துரை கொஞ்சம் யோசித்தார். பிறகு ஏற்றுக்கொண்டார்.

மாடசாமியை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கினார்கள். அவன் துரையிடமும் பேசிக்கொண்டே போனான்.

விசாரணை அங்கேயே நடந்தது. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வராது. எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான் ஒருவன்தான். எனவே நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியவன் நான்.

உடம்பு முழுக்க எதற்கு எண்ணெய் என்று கேட்டார் துரை.

"சனிக்கிழமைல்லா" என்றார் அண்ணாச்சி. அப்படியே சொன்னேன். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருக்கு உதவவில்லை.

அடுத்த கேள்வி: காவலில் இருந்தது யார்? அவன் ஏன் எச்சரிக்கவில்லை?

அதை அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னேன். காவலை விட்டு இறங்கியவனுக்குப் பட்டாளத்தில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகத் துரையைப் பார்த்துச் சொன்னார்.

"காவல்காரன் மேல தப்பில்ல. நாந்தான் இறங்கி வரச் சொன்னேன்னு சொல்லு."

நான் நின்றேன்.

"சொல்லுலே."

சொன்னேன். பிழையில்லாத இங்கிலீஷில் சொன்னேன். என் வாத்தியார் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் எதையும் பேசியதில்லை.

சில மாதம் கழித்து, ஒரே நாளில், ஒரே மைதானத்தில் அண்ணாச்சிக்கு இரண்டும் கிடைத்தன. காலையில் காவலைக் கலைத்ததற்காகக் கண்டனம். மாலையில் துணிச்சலுக்காகப் பதக்கம். அறிக்கையில் துரை அந்த எண்ணெயை ஒரு யுத்த தந்திரம் என்று எழுதியிருந்தார். பாறையில் ஆளை இழுக்க வசதியாக முன்கூட்டியே பூசியதாம். சனிக்கிழமையை விட்டுவிட்டார்.

ஆனால் அடுத்து அவருக்கு வரவேண்டியிருந்த ஜமேதார் பதவி கண்டனத்தோடு போயிற்று. புருஷன் ஜமேதாராகத் திரும்பி வருவார் என்று மதினி இலஞ்சி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

இலஞ்சியில் கேட்ட கேள்வி

ஊர் திரும்பியதும் தென்காசியில் மாலை போட்டார்கள். அண்ணாச்சியைப் பேசச் சொன்னார்கள். "எல்லாரும் சொகமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னது மாடசாமி. அவனுக்குக் கால் தப்பியது, நொண்டல் மட்டும் மிச்சம். ஐந்தருவிப் பக்கம் மங்குஸ்தான் பழக்கடை போட்டிருந்தான். பழம் வாங்க வந்தவர்களெல்லாம் சண்டையையும் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். நான் இறங்கி வந்த கதையை மட்டும் அவன் யாரிடமும் சொன்னதில்லை. அவன் வாயில் தங்கிய ஒரே ரகசியம் அதுதான்.

மதினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"கோமணத்தோடயா சண்ட போட்டீய?"

அதன்பிறகு அண்ணாச்சி எண்ணெய்க் குளியலை விட்டுவிட்டார். சாரல் வந்ததும் சனிக்கிழமைதோறும் எங்களோடு ஐந்தருவிக்கு வருவார். நாங்கள் குளித்து முடிகிறவரை குடையைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்து நிற்பார். கடைசி ஆள் வெளியே வந்ததும் குடையை மடக்குவார். அன்று காவல் வைத்தவர் அவர். என் தப்பையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டவர், அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

குடை கை மாறிய நாள்

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்னேனே, செங்கோட்டைக்காரர் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டிய நாள், அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பாறையில் கால் வைத்ததும் நேராக அவரிடம் போனேன். கையை நீட்டிக் குடையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, நீங்க போய்க் குளிங்க. நான் நிக்கேன்."

அவர் குடையை விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இறங்கி வந்திர மாட்டியே?"

இரண்டு வருஷத்தில் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். "மாட்டேன்" என்றேன். குடையை விட்டார்.

மாடசாமி கடையை விட்டு நொண்டிக்கொண்டே எண்ணெயோடு வந்தான். அவரை உட்கார வைத்து, தலைக்கு வைத்து, முதுகுக்கு வைத்து, காது மடல் வரை ஒரு இடம் விடாமல் தேய்த்தான். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் ஓரக்கண்ணால் திரும்பினேன். மாடசாமி சிரித்துக்கொண்டே விரலைக் குவித்து வாரினான். தன் முதுகைத் தொட்டுக் காட்டினான். படவா. நான் தலையை ஆட்டிவிட்டு மலைக்கே திரும்பிவிட்டேன்.

அரை மணி ஊறி, அருவியில் நின்று, சீயக்காய் போட்டு அலசி, அண்ணாச்சி நிதானமாக வெளியே வந்தார். வந்து என் பின்னால் நின்றார்.

"ஏலே, எம் வேட்டி எங்க?"

திரும்பினேன். பாறையில் மடித்து வைத்திருந்த வேட்டி, சட்டை, துண்டு ஒன்றுமில்லை. பத்தடி மேலே மரக்கிளையில் ஒரு பெரிய கடுவன் குரங்கு பதக்கம் வாங்கியவரின் வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"மலையத்தான பாக்கச் சொன்னீய, அண்ணாச்சி" என்றேன்.

அவர் குரங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பர்மாவை விட்டு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மாடசாமி சாக்கு தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டார். குடையை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கோவணத்தோடு, இலஞ்சி வரைக்கும் நடந்தார். பின்னால் நான். வழியெல்லாம் வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திப் பார்த்தார்கள்.

மதினி வாசலுக்கு வந்தார். புருஷனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"இன்னைக்கு எவங்கூடச் சண்ட?"

"குரங்குகூட" என்றார் அண்ணாச்சி. பின்னால் தலையைக் குனிந்து நின்ற என்னைக் கையால் காட்டிவிட்டுச் சொன்னார்: "காவல்காரன் மேல தப்பில்ல."

அதே வார்த்தையை இங்கிலீஷில் சொன்னவன் நான். அன்று அது பொய். இப்போது அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. மதினி எனக்கும் சேர்த்து இலை போட்டார்.